அமலோற்பவத்தின் அசதி

கல்லுக்குடாவில் ஒரு பெண்ணை அசதியாகவே வைத்திருப்பது ஊரார் எல்லாருடைய பொறுப்பாகவும் ஆகிப்போன வருஷம் அது. மீன் இறங்குதுறையில் இருந்த இரண்டு டீக்கடைக்காரர்களும், ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள், அமலோற்பவத்துக்கு டீ கொடுக்கக் கூடாது என்பதில் மட்டும் ஒன்றாக நின்றார்கள். பால் கொடுக்கலாம், பானகம் கொடுக்கலாம், வாழைப்பழம் எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம், கண்ணைத் திறந்துவிடுகிற எதையும் கொடுக்கக் கூடாது. அவள் நன்றாகத் தூங்கி எழுந்துவிட்டாலும் ஊருக்கு நஷ்டம் என்பதால், அவள் பாயை விரிக்கிற நேரம் பார்த்து யாராவது ஒருத்தி முறம் கேட்டோ, மூக்கடைப்புக்கு மருந்து கேட்டோ வந்து உட்கார்ந்துகொள்வாள். யாருக்கும் அவள்மேல் கோபம் கிடையாது. சொல்லப்போனால் அதற்கு முன் எப்போதும் அவளை ஊர் அப்படித் தாங்கியதில்லை. "என்ன தாயி, அசதி எப்டி இருக்கு?" என்று வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள்; தீரவில்லை என்று அவள் சொன்னால் அவர்கள் முகம் மலர்ந்தது, இன்றைக்குப் பரவாயில்லை என்று சொன்னால் வாடிப்போனது.

அமலோற்பவம் இறங்குதுறையில் மீன் பிரித்துப்போடுகிறவள். விசைப்படகு வந்து வலையைக் கொட்டினால் முழங்கால் உயரத்துக்கு எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடக்கும், காரலும் சங்கராவும் நகரையும் கணவாயும் இறாலும் நண்டும், நடுவே யாரோ எங்கேயோ தொலைத்த ஒற்றைச் செருப்பும். அவள் ஒரு பலகையைப் போட்டு அதன் நடுவே உட்கார்ந்து, இடது கையால் வாரி வலது கையால் வீசுவாள். சுற்றிலும் ஏழு குவியல். முதுகுக்குப் பின்னால் எட்டாவதாகச் சங்காயம், அதாவது பேர் சொல்லி விற்க வழியில்லாத பொடியெல்லாம் போய்ச் சேர்ந்து கோழித் தீவனத்துக்குக் காய்கிற குவியல். இருபத்திரண்டு வருஷமாக அவள் இதைத்தான் செய்தாள், ஒரு மீனையும் உற்றுப் பார்த்ததில்லை. ஒரு தடவை கல்லூரியில் இருந்து நோட்டுப் புத்தகத்தோடு வந்த பெண்கள், இது காரல், இது காரல் இல்லை என்று எதை வைத்து அக்கா சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். அவளும் பாவம், யோசித்துச் சொல்லப் பார்த்தாள். செதிலா, வயிறா, வாலா என்று யோசிக்க யோசிக்கக் கை நின்றுபோனது; அரைமணி நேரம் ஒரு மீனையும் பிரிக்க முடியவில்லை. "கைக்குத் தெரியும் தாயி. என்னைக் கேட்டா அதுக்கும் மறந்துரும்" என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தாள்.

அவள் புருஷன் இஞ்ஞாசி நான்கு வருஷத்துக்கு முன்னால் தனியாகக் கணவாய் பிடிக்கக் கடலுக்குப் போனவன். வள்ளம் கவிழ்ந்தபடி ஒதுங்கியது, அவன் ஒதுங்கவில்லை. மீன்வளத்துறை அலுவலகத்தில் அவன் பெயர் காணாமல் போனவர்கள் பட்டியலில் இருந்தது, ஏழு வருஷம் முடிந்தால்தான் அடுத்த பட்டியலுக்கு மாற்றுவோம் என்றார்கள். மாதா கோயிலிலும் இரண்டு பெட்டிகள் இருந்தன, உயிரோடு இருக்கிறவர்களுக்கான பூசை விண்ணப்பத்துக்கு ஒன்று, இறந்த ஆத்துமாக்களுக்கு ஒன்று. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் இறந்தவர்களின் பெயரை எழுதி இரண்டாவது பெட்டியில் போடுவார்கள், பங்குச் சாமியார் அன்றைக்கு எல்லாப் பெயரையும் வாசிப்பார். அமலோற்பவம் நான்கு வருஷமும் சீட்டை எழுதி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள், எதிலும் போடாமல் திரும்பி வந்தாள். அவள் கழுத்தில் தாலி இருந்தது, தலையில் பூ இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் முன்னால் வந்து உட்காரு என்றும் சொல்லமாட்டார்கள், பின்னால் போ என்றும் சொல்லமாட்டார்கள். அவளே செருப்புகள் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

மாமியார் கித்தேரிக்கு மட்டும் எந்தச் சந்தேகமும் கிடையாது. மகன் வருவான். பொழுது சாய்ந்ததும் அவன் தட்டில் சோறு போட்டு இன்னொரு தட்டால் மூடி அலமாரியில் வைப்பாள், காலையில் அதைத் தண்ணீர் ஊற்றித் தானே குடிப்பாள், கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடமாட்டாள். தாழ்ப்பாள் போடாத கதவு காற்றுக்கு ஆடும் ஒவ்வொரு தடவையும் அமலோற்பவத்துக்கு முழிப்பு வந்துவிடும். அந்த அசதிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம், வேறு காரணம் யாருக்கும் தெரியாது.

தை மாசத்தில் ஒரு காலை, மூன்றாவது படகைப் பிரித்துக்கொண்டிருந்தவள் கை தவறி ஒரு காரலைச் சங்கராக் குவியலில் வீசிவிட்டாள். வெள்ளி நிறத்தில் விரலளவு, மலிவு விலைக் காரல், விழுந்த இடத்தில் சிவந்து உள்ளங்கை நீளத்துக்கு விலைகூடிய சங்கராவாகக் கிடந்தது. ஏலக்காரர் தொம்மை பக்கத்தில்தான் நின்றிருந்தார். குனிந்து எடுத்தார், செவுளைத் திறந்து பார்த்தார், மோந்து பார்த்தார், திரும்ப அதே குவியலில் போட்டுவிட்டு ஏலத்தைத் தொடர்ந்தார். மத்தியானத்துக்குள் இன்னும் நான்கு நடந்தன. ஒரு கெளிறு நகரையானது, ஒரு நண்டு கணவாயானது, சாயங்காலம் பார்த்தால் சங்காயத்தில் விழுந்த நல்ல இறால் ஒன்று பேர் தெரியாத பொடியாகியிருந்தது. அன்றைக்கு அதை வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். சங்கரா சங்கரா மாதிரியே இருந்தது.

மறுநாள் தொம்மை அவளிடம் ஒரு கூடைக் காரலைக் கொண்டுவந்து, "தாயி, இதையெல்லாம் அந்தச் செவப்புல தள்ளிவிடேன்" என்றார். அவளும் தள்ளினாள். ஒன்றும் ஆகவில்லை, காரல் காரலாகவே கிடந்தது. ஒரு வாரம் இப்படியும் அப்படியும் பார்த்த பிறகு ஊருக்கு விஷயம் விளங்கியது. தெரிந்து போட்டால் நடக்காது. கை தானாகத் தவற வேண்டும், கை தவற வேண்டும் என்றால் அவள் அசதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கப்புறம் அவரவர் செய்யவேண்டியதை அவரவர் செய்தார்கள். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி நேரம் ஒதுக்கிக்கொண்டன, இடையில் அவள் முதுகைச் சாய்க்க முடியாதபடி. டீக்கடைகள் கூடிப் பேசின. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர், மீனை மாற்றுவது கையா, இல்லை மீன் ஏற்கெனவே மாறியிருந்ததைக் கைதான் முதலில் கண்டுகொள்கிறதா என்று ஒரு கேள்வியைக் கிளப்பினார். சங்கரா எப்படி வந்தால் என்ன ஐயா, குழம்பு ருசிதானே என்று அவரை உட்காரவைத்தார்கள். சாமியார் மறைமாவட்ட ஆயருக்கு எழுதிப் போட்டார். இதைக் கடவுளின் புதுமை என்று எழுதுவதா, பேய்ச் சேட்டை என்று எழுதுவதா, நோய் என்று எழுதுவதா, எந்தத் தலைப்பின் கீழ் என்று தெரிவித்தால் மேற்கொண்டு விசாரிக்கலாம் என்று பதில் வந்தது. சாமியாருக்கும் எந்தத் தலைப்பு என்று தெரியவில்லை, கடிதத்தை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார்.

மீனோடு நின்றிருந்தால் அவளும் தாங்கியிருப்பாள். சனங்கள் மீன்களுக்கு நடுவே வேறு எதையெதையோ சொருக ஆரம்பித்தார்கள். கவரிங் வளையலைத் தங்க வளையலோடு சேர்த்துப் போட்டுக்கொடுத்து, "சும்மா பிரிச்சு வை அமலி" என்றார்கள். பரீட்சைத் தாள், பெண்பார்க்க வந்த போட்டோ, வெளிநாட்டு விண்ணப்பம். சிலது நடந்தது, சிலது நடக்கவில்லை, ஒரு தங்க வளையல் பித்தளையாகி ஒரு வாரம் சண்டை ஓடியது. பிறகு பெண்கள் துணிமூட்டை கொண்டுவந்தார்கள். குடிக்கிற புருஷனுடைய கைலியைக் குடிக்காத நாலு பேர் கைலியோடு கலந்து அவள்முன் வைத்து, வெளுத்ததைப் பிரிக்கிற மாதிரிப் பிரிக்கச் சொன்னார்கள். பெனடிக்ட் என்கிற ஒருத்தனின் கைலி அப்படித் தவறிப்போய்க் குடிக்காதவர்கள் பக்கம் விழுந்தது. அன்றிலிருந்து அவனுக்குச் சாராயம் கடல்தண்ணீராகக் கரித்தது, மூன்று நாள் துப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

அந்தச் செய்தி வந்த அன்றைக்குத்தான் கித்தேரி ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தாள்.

நீலக் கட்டம் போட்ட சட்டை. இரண்டாவது பொத்தான் மட்டும் கறுப்பு நூலால் தைத்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோன ஒரு அவசரத்தில் அமலோற்பவம் தைத்தது. கித்தேரி அதை மருமகள் மடியில் போட்டாள்.

"பெனடிக்ட் கைலிக்கு நடந்தது எம்புள்ள சட்டைக்கு நடக்காதாட்டி? அழுக்குத் துணியோட சேத்து வை. உசுரோட இருக்கவன் சட்டைதான அழுக்காவும்?"

"தெரிஞ்சு போட்டா நடக்காது மாமி."

"அப்ப தெரியாமப் போடு."

"எப்டி மாமி? தொட்ட உடனே அவுக சட்டைன்னு கைக்குத் தெரியுதே."

கித்தேரி விடவில்லை. "ஊருக்கெல்லாம் தவறுத கை, வீட்டுக்குத் தவறாதா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அமலோற்பவத்துக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஒரு தவறு, ஒரே ஒரு தவறு நடந்துவிட்டால் அந்த ஆடுகிற கதவைத் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே வந்துவிடக் கூடும், காரல் சங்கராவான ஊரில் இது என்ன பெரிய காரியம். ஆனால் அவளுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது, அதை அவள் மாமியாரிடம் ஒரு தடவைதான் சொன்னாள். "எந்தப் பக்கம் தவறும்னு சொல்ல முடியாது மாமி. கை என்ன நெனைச்சு வச்சிருக்குன்னு எனக்கே தெரியாது. பயமா இருக்கு." நாலு வருஷமாக அவள் மனசு எதையும் முடிவு செய்யாமல் காத்துவந்தது, கையும் அப்படியே காத்துவந்ததா என்று எப்படிக் கேட்பது.

அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு சத்தமில்லாத சண்டை தொடங்கியது. அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த துணிக்கூடையில் கித்தேரி தினமும் சட்டையை ஒளித்துவைத்தாள், ஒரு நாள் அடியில், ஒரு நாள் நடுவில், ஒரு நாள் சேலைக்குள் சுருட்டி. அமலோற்பவம் துறையிலிருந்து வந்து கூடையைப் பிரிப்பாள்: துவைக்கவேண்டியது ஒரு பக்கம், மடிக்கவேண்டியது ஒரு பக்கம், கிழிந்து கரித்துணியாகவேண்டியது ஒரு பக்கம். எவ்வளவு அசதியிலும் அந்தக் கறுப்பு நூல் பொத்தானில் விரல் பட்டதும் கை முழித்துக்கொள்ளும். எழுந்துபோய்ச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு வருவாள். பிறகு இருவரும் சாப்பிடுவார்கள், ஒரு தட்டு மூடியபடி அலமாரிக்குப் போகும்.

சித்திரை போய், மீன்பிடித் தடைக்காலம் போய், ஆடிக் காற்றும் அடித்து ஓய்ந்தது. அவள் கண்ணைச் சுற்றிக் கறுத்துவிட்டது. நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தாள். ஊர் அவளைப் பார்த்துப் பெருமைப்பட்டது. ஒரு நாள் மீன் பிரித்துக்கொண்டிருக்கும்போது அவளுக்கு ஒன்று தோன்றியது: கடலுக்குள் குவியல் கிடையாது. அங்கே காரலும் சங்கராவும் செருப்பும் மனுஷனும் எல்லாம் கலந்துதான் இருக்கிறார்கள், யாரும் யாரையும் இது என்ன என்று கேட்பதில்லை, கரைக்கு வந்தபிறகுதான் இந்தப் பாடு. அவன் கரைக்கு வரவில்லை, அதனால் அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் விட்டுப்போன கேள்வியை எல்லாம் தன்னிடம்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு அவன்மேல் முதல்தடவையாகக் கோபம் வந்தது. கோபப்படவும் தெம்பில்லாததால் அதை அப்படியே விட்டாள்.

கல்லறைத் திருநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பதினொரு படகுகள் ஒரே நாளில் வந்தன. புயல் சின்னம் என்று சொல்லி எல்லாரையும் திரும்பச் சொல்லியிருந்தார்கள். காலை நாலரைக்கு உட்கார்ந்தவள் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் எழுந்தாள். அன்றைக்குத் தவறியதற்குக் கணக்கே இல்லை; கெளிறெல்லாம் விளமீனாகி, சாளையெல்லாம் சீலாவாகி, தொம்மை தொண்டை கட்டிப்போகிற வரை ஏலம் கூவினார், யாரோ அவளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தை மடியில் கட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது கித்தேரி இல்லை, தெருக்குழாயில் தண்ணீர் வந்திருந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கஞ்சி வழிந்து விறகு அணைகிற சத்தம், புகை, பானை மூடி தடதடவென்று ஆடியது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் சோறு குழைந்துவிடும், குழைந்த சோறு மாமிக்கு ஆகாது. அவள் நினைத்தது அவ்வளவுதான். பக்கத்துக் கூடையில் கையைவிட்டு ஒரு துணியை இழுத்தாள், இரண்டாக மடித்துப் பானைக் கழுத்தைப் பிடித்து இறக்கினாள், அதே துணியால் மூடியை அமுக்கிப் பிடித்துக் கஞ்சியை வடித்தாள், வடித்துவிட்டுப் பானையின் பக்கத்தில் வழிந்ததைத் துடைத்தாள், அடுப்பு விளிம்பைத் துடைத்தாள், தரையில் சிந்தியதைத் துடைத்தாள். துணியைப் பிழிந்து அடுப்புக்குப் பக்கத்தில் வழக்கமாகக் கரித்துணி கிடக்கிற மூலையில் போட்டாள்.

வாசலில் குடத்தோடு கித்தேரி நின்றிருந்தாள்.

அமலோற்பவம் மாமியார் எங்கே பார்க்கிறாள் என்று பார்த்தாள். மூலையில் கிடந்தது ஒரு கரித்துணி. கட்டம் தெரியவில்லை, காலர் இல்லை, கை இல்லை, ஏழெட்டு வருஷமாகப் பானை இறக்கி நைந்துபோன துணி. ஓரத்தில் ஒரே ஒரு பொத்தான் மட்டும் கறுப்பு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

கை தவறவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எல்லாரும் தவறு தவறு என்று சொன்ன அந்த ஒரு வருஷத்தில் இந்த ஒரு தடவை அது தவறவில்லை. அது என்றைக்கோ எடுத்துவைத்திருந்த முடிவை, அவள் பார்க்காத நேரத்தில், சோறு குழையக் கூடாதே என்ற அவசரத்தில், எடுத்துப் பயன்படுத்திவிட்டது. அவள் மாமியாரின் அடிக்காகக் காத்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

கித்தேரி குடத்தை இறக்கி வைத்தாள். தலையில் இருந்த சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். மெதுவாக நடந்துபோய் அலமாரியிலிருந்து மகனுடைய தட்டை எடுத்தாள், மூடியிருந்த தட்டைத் தனியாக வைத்தாள், பானையிலிருந்து சூடாக இரண்டு அகப்பை சோறு போட்டு, முந்தின நாள் குழம்பை ஊற்றி, மருமகள் முன்னால் வைத்தாள்.

"இதுல தின்னு" என்றாள்.

"மாமி..."

"தின்னுட்டி. எனக்கும் அசதியாத்தான் இருக்கு. நாலு வருசமா நானும் ஒக்காந்துதான் இருக்கேன்."

ஒரே தட்டிலிருந்து இருவரும் சாப்பிட்டார்கள். அழுதார்கள், நடுவில் உப்புப் பற்றவில்லை என்று கித்தேரி சொன்னாள், அமலோற்பவம் எழுந்து உப்பு எடுத்துவந்தாள். பிறகு கித்தேரி போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அது துருப்பிடித்திருந்ததால் இரண்டு பேரும் சேர்ந்து தள்ளவேண்டியிருந்தது. முறம் கேட்டு ஒருத்தி வந்தாள், மருந்து கேட்டு ஒருத்தி வந்தாள், அடுத்த நாள் தொம்மையே வந்து தட்டினார். உள்ளே இரண்டு குறட்டைச் சத்தம் மட்டும் கேட்டது. ஊரே கவலையோடு தெருவில் நின்றது, யாருக்கும் கதவை உடைக்க மனம் வரவில்லை.

திருநாள் அன்றைக்குச் சாமியார் பெயர்களை வாசித்தார். கித்தேரிக்கு எழுதத் தெரியாது; சீட்டை எழுதியது மருமகள், இரண்டாவது பெட்டியில் போட்டது கித்தேரிதான். இஞ்ஞாசி என்ற பெயர் வந்ததும் ஊர் ஒரு நிமிஷம் அமலோற்பவத்தைத் திரும்பிப் பார்த்தது, அப்புறம் பெண்களில் ஒருத்தி நகர்ந்து தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள். அவள் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் அவள் துறைக்குப் போனாள். பலகையைப் போட்டு உட்கார்ந்து இடது கையால் வாரி வலது கையால் வீசினாள். நன்றாகத் தூங்கியிருந்தும், பழைய அசதி எலும்பில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்க வேண்டும், ஒரு காரல் கை தவறிச் சங்கராக் குவியலில் போய் விழுந்தது. நாலைந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். சிவப்புக்கு நடுவே அது வெள்ளையாகக் கிடந்தது, விரலளவுக்கு, காரலாகவே. கொஞ்ச நேரம் பார்த்தார்கள். துணிமூட்டையோடு வரிசையில் நின்ற பெண்கள் மூட்டையை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

தொம்மை அந்தக் காரலை எடுத்துக் காரல் குவியலில் போட்டார். பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பி, "ஏ, அமலிக்கு ஒரு டீ போடு" என்று கத்தினார். "தூள் கூட்டிக் கடுப்பமா போடு."

டீ வந்தது. அவள் மீன்கையைச் சேலையில் துடைத்துவிட்டு டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.